தாளம் யாருடையது? மதுரை ராக் கிதார் கலைஞர் ஒருவரின் முதல் அனிமேஷன் இசை: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் ராக் இசைக்குழு நடத்திவரும் கிதார் கலைஞர் ஒருவர், இதே ஊரின் சிறிய அனிமேஷன் கூடம் ஒன்று குழந்தைகளுக்காக எடுத்த ஆறு நிமிடப் படத்துக்கு முதன்முறையாகப் பின்னணி இசை அமைத்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தப் படத்துக்கு ஒலிக்கலவை செய்தவன் என்ற முறையில், அவருடைய முதல் வடிவம் தள்ளப்பட்டதிலிருந்து கடைசி வடிவம் ஏற்கப்பட்டது வரை நான் உடனிருந்தேன். அவருடைய பெயரும் கூடத்தின் பெயரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. ராக் மேடையிலிருந்து திரையிசைக்குப் போவதை வாத்திய மாற்றமாகவோ ரசனை முதிர்ச்சியாகவோ பேசுவது வழக்கம். நான் பார்த்த அளவில் மாற வேண்டியிருந்தது கண்ணின் பழக்கம். வாசித்துக்கொண்டே இன்னொருவரின் அசைவைக் கவனிக்கும் பயிற்சி இருந்தவர்கள் இந்த வழியை எளிதாகக் கடந்திருக்கிறார்கள். அது இல்லாதவர்கள், எவ்வளவு நன்றாக வாசித்தாலும், தடுமாறியிருக்கிறார்கள்.

பின்புலம்

அவருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவோடு கிதார் வாசிக்கத் தொடங்கி, பொறியியல் கல்லூரிக் கலைவிழாக்களில் நண்பர்கள் மூவருடன் ராக் வாசித்து, படிப்பு முடிந்த பிறகும் குழுவைக் கலைக்காமல் காத்து வந்தவர். குழுவில் டிரம்ஸ், பேஸ் கிதார், கீபோர்டு, இவருடைய கிதார் ஆகியவையே உண்டு, பாடுவதும் இவர்தான். சொந்தப் பாடல்களுக்குக் கல்லூரி மேடைகள் கிடைத்தனவே தவிர வருமானம் கிடைக்கவில்லை. சோறு போட்டது மெல்லிசைக் கச்சேரி. திருமண வரவேற்புகளிலும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களிலும் திரைப்பாடல்களை அச்சு மாறாமல் வாசிக்கும் வேலை அது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் அதுவும் படுத்துவிடும். இப்படி ஒரு மார்கழியில்தான் படத்தின் இயக்குநர் அவரை அணுகினார். கலைஞர்களின் பாதை மாற்றங்களை விவரிப்பவர்கள் மாதத் தவணையைப் பற்றி எழுதுவதில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டு வைக்கிறேன்.

படத்தின் கதை மேலூர்ப் பக்கம் நடக்கிறது. அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போட்டிருந்த ஆட்டு மந்தையை அதை மேய்க்கும் கீதாரி இரவோடு இரவாக அடுத்த ஊருக்கு ஓட்டிச் செல்ல, ஒரு குட்டி மட்டும் பின்தங்கி, நான்கு வழிச்சாலையைக் கடக்க முடியாமல் நின்று, கடைசியில் மந்தையின் மணியோசையைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. பாத்திரங்களுக்குப் பேச்சு கிடையாது. அங்கங்கே ஓர் அப்பத்தாவின் குரல் மட்டும் கதை சொல்கிறது.

முதல் வடிவம்

அவர் முதலில் கொண்டுவந்தது ஒரு முழுமையான ராக் படைப்பு. முன்னிசை, சரணம், பல்லவி, கிதார் தனி ஆவர்த்தனம், மீண்டும் பல்லவி என்று ஐந்தரை நிமிடத்துக்கு ஓடியது. தனியாகக் கேட்டால் அருமையாக இருந்தது. படத்தோடு சேர்த்து ஓட்டியபோது படம் மெதுவாக நகர்வதாகத் தோன்றியது. இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஏன் பிடிக்கவில்லை என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. இசை தெரியாத இயக்குநரும் படம் தெரியாத இசைக்காரரும் சந்திக்கும் முதல் கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

காரணங்களைப் பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். ராக் பாடல் நான்கு, எட்டு, பதினாறு என்ற சமச்சீர் அடுக்குகளில் வளர்வது. கேட்பவரின் காது அடுத்த அடுக்கின் தொடக்கத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துக் காத்திருக்கும். திரையில் குட்டி திரும்பிப் பார்க்கும் கணம் அந்த அடுக்கின் நடுவில் விழுந்தால், இசை அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறது. தொடர்ந்து ஒலிக்கும் டிரம்ஸ் எல்லாக் காட்சிகளையும் ஒரே எடையுள்ளவையாக ஆக்கிவிடுகிறது. பல்லவி திரும்ப வருவது மேடையில் மகிழ்ச்சி தரும். கதையிலோ குட்டி முதலில் இருந்த நிலைக்கே திரும்பிவிட்டதாக அது பொருள்படுகிறது.

அப்பத்தாவின் குரல் தனிச் சிக்கலாக இருந்தது. பேச்சின் தெளிவைத் தரும் மெய்யொலிகள் பெருமளவு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிதார் மேலெழும் துணைச்சுரங்களால் அதே பகுதியை நிரப்புகிறது. இசையின் சத்தத்தைக் குறைத்தும் பயனில்லை. குரல் தெளிவதற்குள் இசை செத்துவிடும். குரல் வரும் இடங்களில் கிதாரின் ஓசையையே மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் கிதார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாடகராகவும் இருக்கும் ஒரு கிதார் கலைஞருக்கு இரண்டாவது வழி கசப்பானது. தன் பாட்டில் தன் குரலுக்குத் தானே இடம் விட்டுப் பழகியவர், இன்னொரு குரலுக்கு இடம் விடப் பழகியிருக்கவில்லை.

ஃபிரேம் கணக்கு

இரண்டாவது வடிவத்தை அவர் கணக்கிலிருந்து தொடங்கினார். பொறியியல் படித்தது இங்கே கைகொடுத்தது. படம் நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படங்கள்) வேகத்தில் ஓடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். இந்த எண்ணைப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று வரும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 12 ஃபிரேம். 90 என்றால் 16. 180 என்றால் 8. அவருடைய குழு பெரிதும் விரும்பும் 128-இல் ஒரு தட்டு 11.25 ஃபிரேம் ஆகிறது; தட்டும் ஃபிரேமும் நான்கு தட்டுக்கு ஒருமுறைதான் ஒன்றின் மேல் ஒன்று விழும். தொடர்ந்து ஓடும் காட்சியில் இந்த வித்தியாசத்தை யாரும் உணரப்போவதில்லை. குளம்பு தரையில் படும் ஃபிரேமில் ஓசை விழ வேண்டும் என்றால் மட்டும் உறுத்தும்.

அனிமேஷனில் சாதாரண நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃபிரேம் வைப்பது பரவலான வழக்கம். பதற்றத்தில் ஓடும் குட்டிக்கு வரைகலைஞர் 8 ஃபிரேம் வைத்திருந்தார். இந்தக் கணக்கு பிடிபட்டதும் கிதார் கலைஞர் உற்சாகம் தாங்காமல் குட்டியின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் வைத்துவிட்டார். திரையில் நடக்கும் எல்லாவற்றையும் இசையால் நகல் எடுக்கும் இந்த முறைக்கு ஹாலிவுட்டில் மிக்கி மவுஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிரிப்புப் படத்துக்கு அது பொருந்தும். இருட்டில் வழி தவறிய குட்டிக்கு அதைச் செய்தபோது பயம் போய், குட்டி கோமாளியாகிவிட்டது. முதல் வடிவம் படத்தைக் கவனிக்கவே இல்லை என்றால், இரண்டாவது வடிவம் அதன் நிழலாக ஒட்டிக்கொண்டது.

ஆல்ரவுண்ட்

திருப்பம் குழுவின் டிரம்ஸ் கலைஞர் வழியாக வந்தது. அவருடைய தாய்மாமன் ஸ்பெஷல் நாடகங்களில் ஆல்ரவுண்ட் வாசிப்பவர். மதுரையை மையமாகக் கொண்டு சுற்றுவட்டாரக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இந்த நாடகங்களுக்கு, ஊரார் தனித்தனியாகப் பேசி அமர்த்திய நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் பாட்டைப் பார்த்துக்கொள்ள, ஆல்ரவுண்டுக்காரர் தன்னைச் சுற்றி வைத்திருக்கும் மேளங்களையும் தாளக் கருவிகளையும் கொண்டு பபூன் இடறுவதற்கும் நடனக்காரி இடுப்பை வெட்டுவதற்கும் ஓசை கொடுப்பார். அவர் பார்வை வாத்தியத்தில் இருக்காது; நடிகரின் காலில் இருக்கும்.

கிதார் கலைஞர் ஒரு நாடகத்துக்குப் போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். இடைவேளையில் அந்த ஆல்ரவுண்டுக்காரர் சொன்னதாகக் கிதார் கலைஞர் எனக்குத் திரும்பச் சொன்னது இது: “தம்பி, பபூன் இருபது அடி எடுத்து வப்பான். எல்லாத்துக்கும் அடிச்சா சனம் என்னையப் பாக்க ஆரம்பிச்சிரும். அவன் எந்த அடியில விழப்போறானோ அதுக்கு மட்டும் காத்துக்கிட்டு இருக்கணும்.”

மூன்றாவது வடிவத்தில் ஆறு நிமிடப் படத்துக்கு, இசையும் காட்சியும் ஒரே கணத்தில் சேரும் ஒத்திசைவுப் புள்ளிகள் ஐந்தே வைக்கப்பட்டன: மந்தை நகரத் தொடங்கும் கணம், குட்டி தனிமையை உணரும் பார்வை, லாரியின் முகப்பு விளக்கு, மணியின் முதல் ஓசை, தாயோடு சேரும் இடம். இவற்றுக்கு இடையில் இசை தன் போக்கில் போகலாம், நிற்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்தப் புள்ளிகளை அடைய அவர் கையாண்ட முறை கவனிக்கத் தக்கது. குட்டி தனிமையை உணரும் காட்சி 14 நொடி 16 ஃபிரேம், அதாவது 352 ஃபிரேம். 90 வேகத்தில் தட்டுக்கு 16 ஃபிரேம் என்பதால் சரியாக 22 தட்டு வருகிறது. நான்கு நான்காக எண்ணிப் பழகிய ராக் காதுக்கு 22 ஒரு குறைப்பிரசவம். கடைசியில் இரண்டு தட்டு தொங்கும். அவர் அதை ஏழு, ஏழு, எட்டு என்று பிரித்தார். ஏழின் நடை ஒருபோதும் காலூன்றி நிற்பதில்லை என்பதால் குட்டியின் தவிப்புக்கு அதுவே பொருந்தியது. எட்டில் வந்து நின்றதும் அதன் பார்வை திரும்புகிறது. தவில் கேட்டு வளர்ந்த ஊரில் இதைச் செய்து முடிக்க டிரம்ஸ் கலைஞருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பிறகு இயக்குநர் அந்தக் காட்சியை 20 ஃபிரேம் நீட்டினார். நேரடிப் படப்பிடிப்புப் படங்களில் வெட்டுகள் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். அனிமேஷனில் ஒவ்வொரு நொடியும் வரைவதற்குச் செலவு வைப்பதால் நீளங்கள் முன்னதாகவே உறுதியாகிவிடும், இருந்தாலும் மாற்றம் அறவே இல்லாமல் போவதில்லை. இப்போது 372 ஃபிரேம். தட்டுகளை 23 ஆக்கி, ஏழு, எட்டு, எட்டு என்று பிரித்து, வேகத்தை 90-இலிருந்து 89-க்கு இறக்கியதும் எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்தது. முதல் வடிவத்தின்போது இப்படி ஒரு மாற்றம் வந்திருந்தால் பாடலையே திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

ராக் கொடுத்தவை

தான் கற்றதை எல்லாம் அவர் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாரி வரும் இடத்துக்கு இயக்குநர் உண்மையான ஹார்ன் ஓசையைக் கேட்டார். கிதார் கலைஞரோ ஆம்ப்ளிஃபயர் முன்னால் கிதாரைப் பிடித்து, கம்பி தானாக அதிர்ந்து கத்தும் ஃபீட்பேக் ஓசையை மெல்ல வளர்த்து, விளக்கு திரையை நிரப்பும் ஃபிரேமில் சட்டென்று கையால் அடக்கினார். படத்தில் குழந்தைகள் உண்மையாகவே நடுங்கும் இடம் அதுதான். ஓசையை அடக்கிய பின் வரும் மூன்று நொடி அமைதி, மேடையில் கூட்டத்தை ஆளத் தெரிந்தவரின் அளவு.

இயக்குநர் முதலில் உருமியும் கேட்டார். மதுரை மண் என்றால் உருமி என்பது தமிழ்த் திரையில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. எந்தக் கதையானாலும் அரிவாளும் உருமியும் சேர்ந்து வந்து நிற்கின்றன. ஆட்டுக்குட்டியின் கதையில் உருமி எதைச் சொல்லும் என்று கிதார் கலைஞர் திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆட்டு மணியின் சுருதியை எடுத்துக்கொண்டு, அதற்குக் கிதாரைச் சுருதி சேர்த்து, நான்கு சுரங்களாலான ஒரு சிறு தொடரை உண்டாக்கினார். படம் முழுவதும் அந்தத் தொடரே உடைந்தும் இழுபட்டும் வந்து, மந்தை கண்ணில் படும்போதுதான் முதன்முறையாக முழுமையாக ஒலிக்கிறது. பல்லவி திரும்ப வருவதில் அவருக்கு இருந்த ஆசை இப்படி வேறு வழியில் நிறைவேறியது.

வேறு மேடைகள்

இந்த நிகழ்வைத் தனித்துப் பார்க்காமல், இதே பாதையில் போன பெரிய கலைஞர்களோடு வைத்துப் பார்க்கலாம். ராக்கிலிருந்து திரைக்கும் அனிமேஷனுக்கும் போனவர்களில் அதிகம் பேசப்படுபவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டேனி எல்ஃப்மன். ஆயிங்கோ போயிங்கோ என்ற ராக் குழுவின் பாடகரான அவர், டிம் பர்ட்டன் இயக்கி 1985-இல் வெளிவந்த ‘பீ-வீஸ் பிக் அட்வென்ச்சர்’ படத்துக்கு இசையமைத்து, 1989-இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் முகப்பிசையையும், 1993-இல் வெளிவந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ அனிமேஷன் படத்தின் பாடல்களையும் பின்னணி இசையையும் உருவாக்கினார். ராக் பாடகர் ஒருவர் ஒரே தாவலில் சிம்பொனி இசைக்குழுவுக்குப் போய்விட்டார் என்ற வியப்போடு இது சொல்லப்படுகிறது. அந்த ராக் குழுவின் முன்வடிவம் அவருடைய அண்ணன் ரிச்சர்ட் 1972-இல் தொடங்கிய இசை நாடகக் குழு என்பதும், டியூக் எலிங்டனின் இசையைக் காதால் கேட்டு எழுதி எழுதித்தான் டேனி இசைக்குறியீடு பழகினார் என்பதும், அண்ணன் இயக்கிய படமொன்றுக்கு 1985-க்கு முன்பே அவர் இசையமைத்திருந்தார் என்பதும் அந்தக் கதையில் விடுபட்டுவிடுகின்றன. அவர் தாவவில்லை, மேடை நாடகத்தில் நடிகரின் அசைவுக்கு வாசித்த காலம் அவருக்கு நடுவில் இருந்தது.

நம் பக்கத்திலும் இதே அமைப்பைக் காணலாம். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக மேடையேறி, சென்னையில் கிதார் கலைஞராகவும் ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராகவும் பணிபுரிந்த பிறகே 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. சென்னையில் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரஹ்மான், 1992-இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்பு விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். சில நொடிகளுக்குள் ஒரு பொருளைக் காட்டி முடிக்க வேண்டிய விளம்பரம் ஃபிரேம் கணக்குக்கு நல்ல பள்ளிக்கூடம். மதுரையின் ராக் குழுக்களுக்கு விளம்பர வாய்ப்பு குறைவு. ஸ்பெஷல் நாடகம் பக்கத்து ஊரிலேயே நடக்கிறது, ஆனால் அங்கே போய் உட்காரும் கிதார் கலைஞர் எவரையும் இவருக்கு முன் நான் பார்த்ததில்லை.

எல்ஃப்மனோடு இன்னொரு ஒப்புமையும் உண்டு. அவருடைய படங்களுக்கு வாத்தியப் பகிர்வு (எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதுவது) செய்து தந்த ஸ்டீவ் பார்டெக், அவர் குழுவின் கிதார் கலைஞர்தான். இங்கே அந்த வேலையைச் செய்தவர் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதிய கீபோர்டு கலைஞர். வயலின் வாசிக்க வந்த இருவருக்குக் குறியீடு எழுதிக் கொடுத்ததும் அவரே. மறுபக்கத்தில் டிரம்ஸ் கலைஞர், முக்கியமான யோசனை தன் மாமனிடமிருந்து வந்திருந்தும், ஆறு நிமிடப் படத்தில் தனக்கு ஒன்றரை நிமிட வேலைகூட இல்லை என்று வருத்தப்பட்டார். குழுவில் நால்வரும் வாக்களிப்பார்கள்; படத்தில் இயக்குநரின் சொல்லே கடைசி. எல்ஃப்மன் தன் குழுவையும் திரைப்பணியையும் பத்தாண்டுகள் சேர்த்து இழுத்து, 1995-இல் குழுவை முடித்துக்கொண்டார். இவருடைய குழு இன்னும் கலையவில்லை. எவ்வளவு நாள் என்று இப்போது சொல்வது ஊகமாகவே இருக்கும்.

கலவை, ஒப்பந்தம்

இறுதிக் கலவையில் ஒரு சிக்கல் தாமதமாகத் தெரிந்தது. மந்தை நகரும் காட்சியில் கிதாரின் தடித்த கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கி வாசித்திருந்தார். அதன் அடிநாதம் ஏறத்தாழ 73 ஹெர்ட்ஸ். கூடத்தின் ஸ்பீக்கரில் தரையே நடுங்கியது. இந்தப் படத்தைக் குழந்தைகள் பார்க்கப்போவது பெரும்பாலும் பெற்றோரின் கைபேசியில், அதன் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வெளியே வரவே வராது. அதே தொடரை ஓர் ஸ்தாயி மேலே மெல்லிய ஓசையில் இரட்டித்து வாசித்துச் சேர்த்தோம். கலவையின்போது மாற்ற வசதியாக மணி, கிதார், வயலின், தாளம் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக, படத்துக்குரிய 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு அளவில் கேட்டு வாங்கியிருந்ததால் இது ஒரு மாலையில் முடிந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, பதிவு, வாத்தியக்காரர்கள், அவருடைய ஊதியம் எல்லாம் சேர்ந்த ஒரே தொகை பேசப்பட்டிருந்தது; திரைத்துறையில் இதைப் பேக்கேஜ் என்பார்கள். வயலின் கலைஞர்களுக்குக் கொடுத்தது போக அவருக்கு மிஞ்சியது இரண்டு வரவேற்புக் கச்சேரிகளின் சம்பளத்தைத் தாண்டவில்லை. ஒப்பந்தத் தாளில் எல்லா உரிமைகளும் கூடத்துக்கே என்று ஒரு வரி இருந்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, படத்தில் இடம்பெறும் இசை திரையரங்கத்துக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர் தன் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கையெழுத்திடும் அவசரத்தில் இருக்கும் முதல் பட இசைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டப்பகுதி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். படத்தில் எந்த இசைத் துண்டு எங்கே எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்ற பட்டியலை அவர் தயாரித்து வைத்துக்கொண்டு, இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்திருக்கிறார்.

அதே கூடம் இப்போது அடுத்த படத்துக்கும் அவரை அழைத்திருக்கிறது. அசையும் கோட்டோவியமாக முழுப்படத்தின் நீளமும் முடிவான பிறகே இசை தொடங்கும் என்பதும், அதன் பின்னர் காட்சி நீளம் மாறினால் திருத்தத்துக்குத் தனித் தொகை என்பதும், வாத்தியக்காரர்களின் சம்பளம் பேக்கேஜுக்கு வெளியே என்பதும் அவர் வைத்த நிபந்தனைகள். முதல் இரண்டையும் கூடம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்றாவதைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.